வேலி போடாத ஊர்

நவம்பர் மாதக் கடைசி. இங்கிலாந்தில் குளிர் தொடங்கிவிட்டது. வயலில் ஈரம் காயவில்லை. கால் வைத்தால் சேறு அப்பிக்கொள்கிறது. அந்தச் சேற்றில் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் நடந்து போகிறார்கள். ஒருவர் கையில் சுத்தியல். இன்னொருவர் கையில் ஒரு கட்டு முளைக்குச்சி.

கோதுமை விதைத்துச் சில வாரங்கள்தான் ஆகின்றன. பயிர் இப்போதுதான் பச்சை கட்டியிருக்கிறது. ஆனால் அவர்கள் பயிரைப் பார்க்க வரவில்லை. எல்லையைப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

யாராவது பக்கத்து நிலத்துக்குள் ஒரு சால் கூடுதலாக உழுதுவிட்டார்களா? பொதுப் பாதையைக் கொஞ்சம் வெட்டித் தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்டார்களா? சந்தேகம் வந்த இடத்தில் நின்று பார்க்கிறார்கள். அளக்கிறார்கள். முளைக்குச்சி அடிக்கிறார்கள். தவறு செய்தவர் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள்.

இந்த ஊரின் பெயர் லாக்ஸ்டன். இங்கே பெரிய வயல்களுக்குள் வேலி கிடையாது. பல நூறு ஆண்டுகளாகவே கிடையாது. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பெரும்பாலான ஊர்கள் இப்படித்தான் இருந்தன. பிறகு ஒவ்வோர் ஊராக வேலி வந்தது. லாக்ஸ்டன் மட்டும் பழைய வயல் முறையையும், அதைக் காக்கும் ஊர் நீதிமன்றத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது.

அது எப்படி நடந்தது? வேலி போட்ட ஊர்களில் என்ன ஆயிற்று?

ஊரும் மண்ணும்

லண்டனிலிருந்து வடக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் போனால் நாட்டிங்காம்ஷையர் என்ற மாவட்டம் வரும். லாக்ஸ்டன் அங்கே இருக்கிறது. சில நூறு பேர் மட்டுமே வாழும் சின்ன ஊர். ராபின் ஹூட் கதையில் வரும் ஷெர்வுட் காடு பக்கத்தில்தான் இருக்கிறது.

லாக்ஸ்டன் ஒரு 'பாரிஷ்'. கிறிஸ்தவர்கள் 'பங்கு' என்று சொல்வார்களே, அதுதான். ஒரு மாதாகோவில், அதைச் சேர்ந்த மக்கள், அவர்களுடைய நிலம் எல்லாம் சேர்ந்தது ஒரு பாரிஷ். இங்கிலாந்தில் அது கோவில் விஷயத்தோடு நிற்கவில்லை. 1601-ஆம் ஆண்டு வந்த சட்டம், ஏழைகளைக் காப்பாற்றும் பொறுப்பையும் பாரிஷிடம் கொடுத்தது. அதற்கான வரியைப் பாரிஷ்தான் வசூலித்தது.

ஊரின் மண் சிவந்த களிமண். மழை பெய்தால் ஏரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் கட்டி கட்டியாக இறுகிவிடும். உழுவது கஷ்டம். ஆனால் கோதுமைக்கு நல்ல மண். இங்கிலாந்தில் மழைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்துகொண்டே இருக்கும். இலையுதிர் காலத்தில் கோதுமை விதைப்பார்கள். அது குளிரையும் பனியையும் தாங்கி நிற்கும். அடுத்த ஆகஸ்டு மாதத்தில் அறுவடை.

வீடுகள் எல்லாம் ஊருக்குள் தெருவை ஒட்டி இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் தொழுவமும் தோட்டமும். நிலம் ஊருக்கு வெளியே. நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்று இங்கிலாந்தில் பல விவசாயிகளின் வீடு ஊரைவிட்டுத் தள்ளி, அவரவர் நிலத்தின் நடுவில் தனியாக இருக்கும். வேலி வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் அது.

ஊருக்கு வடக்கே பெரிய மண்மேடு ஒன்று இருக்கிறது. 1066-ஆம் ஆண்டு நார்மண்டி நாட்டுப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் போரில் வென்றார். அவருடைய ஆட்கள் ஊர் ஊராகக் கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டைகளில் ஒன்றின் மிச்சம்தான் இந்த மேடு. 1086-இல் வில்லியம் நாடு முழுவதும் நிலக்கணக்கு எடுத்தார். யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எவ்வளவு வரி என்று எல்லாம் எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்கில் லாக்ஸ்டன் பெயரும் இருக்கிறது.

மூன்று வயல், மூன்று ஆண்டு

லாக்ஸ்டனில் மூன்று பெரிய வயல்கள் உள்ளன. மேற்கு வயல், தெற்கு வயல், காற்றாலை வயல். முன்பு நான்கு இருந்தன. வயல் என்றால் சின்ன வயல் அல்ல. மூன்றும் சேர்ந்து சுமார் 480 ஏக்கர்.

ஒவ்வொரு வயலும் பல நீளத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு விவசாயியின் நிலம் ஒரே இடத்தில் இருக்காது. மேற்கு வயலில் சில துண்டுகள், தெற்கு வயலில் சில துண்டுகள், காற்றாலை வயலில் சில துண்டுகள் என்று சிதறிக் கிடக்கும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே வேலி இல்லை.

ஏன் இப்படிச் சிதறடித்தார்கள்? ஒரே இடத்தில் கொடுத்தால் ஒருவருக்கு நல்ல மண் கிடைக்கும். இன்னொருவருக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளம் கிடைக்கும். சிதறிக் கொடுத்தால் நல்லதும் கெட்டதும் எல்லோருக்கும் கலந்து வரும். ஒரு பக்கம் பயிர் போனாலும் இன்னொரு பக்கம் மிஞ்சும். நடந்து நடந்து கால் வலிக்கும் என்பது உண்மைதான்.

பயிரிடும் முறைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு வயலில் இந்த ஆண்டு கோதுமை. அடுத்த ஆண்டு அதே வயலில் வாற்கோதுமை, பட்டாணி, மொச்சை போன்றவை. மூன்றாம் ஆண்டு ஒன்றும் விதைக்காமல் தரிசாக விடுவார்கள். மண் இளைப்பாறும். ஆடு மாடுகள் மேயும். அவற்றின் சாணம் மண்ணுக்கு உரம். பிறகு மறுபடியும் கோதுமை. மூன்று வயல்களும் மாறி மாறி இப்படிச் சுற்றி வரும். இப்போது தரிசு ஆண்டில் புல்லும் தீவனப் பயிரும் வளர்க்கிறார்கள். சுற்று மட்டும் மாறவில்லை.

ஒரு வயலில் துண்டு வைத்திருக்கும் எல்லோரும் ஒரே வகைப் பயிர்தான் வைக்க வேண்டும். எல்லோரும் பயிரை எடுத்த பிறகு, பழைய காலத்தில், வயலை மேய்ச்சலுக்குத் திறந்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் அறுவடையைத் தள்ளிப்போட்டால் அவர் பயிரை ஊர் மாடு மேய்ந்துவிடும். ஆகவே யாரும் தன் இஷ்டப்படி நடக்க முடியாது. சுறுசுறுப்பானவருக்கு இது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும்.

ஏக்கரும் பர்லாங்கும்

ஏக்கர் என்று நாம் தினமும் சொல்கிறோம். பட்டாவில் படிக்கிறோம். பர்லாங் என்ற சொல்லும் வயதானவர்களுக்குத் தெரியும். ஒரு மைலுக்கு எட்டு பர்லாங். இந்தச் சொற்கள் எங்கே பிறந்தன தெரியுமா? லாக்ஸ்டன் போன்ற வயல்களில்தான்.

அந்தக் காலத்து ஏர் கனமானது. ஒட்டும் களிமண்ணில் அதை இழுக்க இரண்டு மாடு போதாது. எட்டு மாடுகள் வரை பூட்டுவார்கள். அத்தனை மாடுகளையும் அடிக்கடி திருப்புவது பெரும்பாடு. அதனால் நேராக நீளமாக உழுதுகொண்டே போனார்கள். மாடு களைத்து நிற்கும் வரை போகும் ஒரு சாலின் நீளம் ஒரு பர்லாங். 'சால் நீளம்' என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். பிற்பாடு அதை 220 கஜம் என்று வரையறுத்தார்கள்.

ஒரு நாளில் ஓர் ஏர் உழக்கூடிய நிலம் ஓர் ஏக்கர். ஒரு பர்லாங் நீளம், 22 கஜம் அகலம். பெருக்கிப் பாருங்கள். 4840 சதுர கஜம் வரும். சதுர அடியில் 43,560. அதை நூறால் வகுத்தால் 435.6 சதுர அடி. அதுதான் ஒரு சென்ட்! அந்த 22 கஜம் ஒரு சங்கிலியின் நீளம். நிலம் அளக்க நூறு கண்ணி உள்ள இந்தச் சங்கிலியைப் பிறகு பயன்படுத்தினார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் நம் நாட்டு நிலத்தையும் அதே சங்கிலியால் அளந்தார்கள். எங்கோ ஓர் ஊரில் களைத்து நின்ற மாட்டின் கணக்கு நம் பத்திரம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஊரே நீதிமன்றம்

வேலி இல்லாத இடத்தில் தகராறு வராமல் இருக்குமா? வரும். ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சால் தள்ளி உழுதால் பத்து ஆண்டில் பக்கத்துத் துண்டு பாதி காணாமல் போய்விடும். அதனால்தான் லாக்ஸ்டனில் ஒரு நீதிமன்றம் இருக்கிறது. அதற்குக் 'கோர்ட் லீட்' என்று பெயர்.

முதலில் சொன்ன நவம்பர் நடை இந்த நீதிமன்றத்தின் வேலைதான். ஊர் விவசாயிகளிலிருந்து 12 பேரையும் ஒரு தலைவரையும் ஜூரியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலை மட்டும் அவர்கள் சுற்றிப் பார்ப்பார்கள். எல்லை மறைந்த இடத்தில் புதிதாக முளைக்குச்சி அடிப்பார்கள். ஒரு வாரம் கழித்து ஊரிலுள்ள டவ்காட் என்ற சாராய விடுதியில் நீதிமன்றம் கூடும். நிலப்பிரபுவின் பிரதிநிதி நடுவில் உட்கார்ந்திருப்பார். ஜூரி தாங்கள் கண்டதைச் சொல்வார்கள். தவறு செய்தவருக்கு அபராதம். அடுத்த ஆண்டுக்கான ஜூரியும் அங்கேயே பதவி ஏற்கிறார்கள்.

அபராதத் தொகை பெரிதல்ல. ஆனால் ஊர்க்காரர்கள் எல்லோர் முன்னாலும் பெயரைப் படிப்பார்களே, அது பெரிது. இன்று அபராதம் போடுபவர் அடுத்த ஆண்டு அபராதம் கட்டலாம். அவருக்கும் அதே வயலில் துண்டு இருக்கிறது. இதனால் தீர்ப்பு ஒரு பக்கமாகச் சாய்வதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

'பிண்டர்' என்றொரு பதவியும் உண்டு. கட்டு அவிழ்த்துக்கொண்டு பயிரில் மேயும் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பது பிண்டரின் வேலை. அபராதம் கட்டி மாட்டை மீட்க வேண்டும். அந்தப் பட்டி இன்றும் ஊரில் இருக்கிறது.

வயல்களுக்கு நடுவே உழ முடியாத பள்ளமான இடங்கள் சில உண்டு. அங்கே புல் மட்டும் வளரும். அந்தப் புல்லை ஒவ்வோர் ஆண்டும் ஏலம் விடுகிறார்கள். ஏர் படாத மண் என்பதால் வேறு பல இடங்களில் அழிந்துபோன காட்டுப் பூக்கள் அங்கே பூக்கின்றன. அதற்காகவே அரசாங்கம் அந்த இடங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது.

1977-இல் இங்கிலாந்து அரசு ஒரு சட்டம் போட்டது. இப்படிப்பட்ட பழைய ஊர் நீதிமன்றங்களின் அதிகாரத்தை அது ரத்து செய்தது. லாக்ஸ்டனுக்கு விலக்குக் கொடுத்தது. இங்கே அது இன்னும் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருந்ததுதான் காரணம்.

ஒரு வணிகரின் வரைபடம்

1635-ஆம் ஆண்டு லாக்ஸ்டனுக்கு ஒரு வரைபடம் போட்டார்கள். வரைந்தவர் மார்க் பியர்ஸ். வரையச் சொன்னவர் ஊரின் சொந்தக்காரர் சர் வில்லியம் கோர்ட்டன். இவர் லண்டனில் பெரும் வணிகர். ஊரை விலைக்கு வாங்கியிருந்தார். தாம் வாங்கியதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அழகான வரைபடம் அது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளையும் தனித்தனியாகக் காட்டியிருக்கிறார்கள். ஏர் ஓட்டும் ஆள், ஆடு மாடு, வேட்டை என்று சின்னச் சின்னப் படங்களும் உண்டு. கூடவே ஒரு புத்தகம். எந்தத் துண்டு யாருடையது, எவ்வளவு பரப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. இப்போது அந்த வரைபடம் ஆக்ஸ்போர்டு நகரில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

இதே கோர்ட்டனுக்கு நம் நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியை நாம் அறிவோம். அதே 1635-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ், கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவில் வாணிபம் செய்யக் கோர்ட்டனின் கூட்டத்துக்கும் அனுமதி கொடுத்தார். கோர்ட்டன் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். ஆனால் அவருடைய கூட்டத்தார் வந்து கர்நாடகக் கரையில் கார்வாரில் பண்டகசாலை வைத்தார்கள். ஒரு கையில் லாக்ஸ்டன் உழவரின் குத்தகை, மறு கையில் கார்வார் மிளகு.

வேலி வந்த கதை

மற்ற ஊர்களில் என்ன நடந்தது?

பெரிய நிலக்காரர்களுக்குச் சிதறிய துண்டுகள் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வேலி போட்டால் இஷ்டப்படி பயிர் செய்யலாம். ஆடு வளர்க்கலாம். குத்தகையையும் ஏற்றலாம். அதனால் பாராளுமன்றத்துக்கு மனு போட்டார்கள். பாராளுமன்றம் ஊருக்கு ஒரு சட்டமாகப் போட்டுக்கொடுத்தது. 1604 முதல் 1914 வரை இப்படி 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள். அவற்றால் சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலத்துக்கு வேலி வந்தது. அது இங்கிலாந்து நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகம்.

ஊர் மக்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? 1774-இல் அதற்கு ஒரு விதி வந்தது. மாதாகோவில் கதவில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்றது. ஒட்டினார்கள். கோவிலுக்கு வந்த கூலிக்காரர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. கதவில் தொங்கிய தாள் தங்கள் மாட்டின் புல்லைப் பற்றியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பிறகு நிலத்தைப் பிரிக்க அதிகாரிகள் வந்தார்கள். உரிமை உள்ளவர்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார்கள். பத்திரம் வைத்திருந்தவருக்குப் பங்கு கிடைத்தது. சொந்த நிலம் இல்லாமல், பொது இடத்தில் ஒரு பசு மேய்த்து, விறகு பொறுக்கி வாழ்ந்த குடும்பத்திடம் என்ன பத்திரம் இருக்கும்? தாத்தா மேய்த்தார், அப்பா மேய்த்தார், நான் மேய்க்கிறேன் என்பதுதான் அவர்கள் கணக்கு. அதை யாரும் தாளில் எழுதித் தரவில்லை. பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்சம் கிடைத்தவர்களும் தங்கள் செலவில் வேலி போட வேண்டும் என்று உத்தரவு. வேலிச் செலவுக்குப் பணம் இல்லாமல் அந்தத் துண்டையும் விற்றார்கள். பசு போயிற்று. பால் போயிற்று. குடும்பம் முழுவதும் கூலியை மட்டுமே நம்பி நின்றது. சிலர் நகரத்து ஆலைகளுக்குப் போனார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலி போட்ட நிலத்தில் விளைச்சல் கூடியது. மூன்றில் ஒரு பங்கு தரிசாகக் கிடப்பது நின்றது. ஊர் மாடுகள் ஒன்றாக மேயும்போது பரவும் நோயும் குறைந்தது. பழைய முறை சொர்க்கம் அல்ல. லாக்ஸ்டனிலும் பெரும்பகுதி நிலம் பிரபுவுடையது. உழுதவர்களில் பலர் குத்தகைக்காரர்கள். ஆனால் கூடிய விளைச்சல் யார் வீட்டுக்குப் போயிற்று என்று கேட்டால், பசுவை இழந்தவர் வீட்டுக்குப் போகவில்லை.

லாக்ஸ்டன் எப்படித் தப்பியது

ஊர்க்காரர்கள் போராடித் தடுத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

லாக்ஸ்டனில் இரண்டு பெரிய நிலப்பிரபுக்கள் இருந்தார்கள். ஒருவர் மான்வர்ஸ் பிரபு. மற்றவர் ஸ்கார்பரோ பிரபு. இருவர் நிலமும் ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தது. வேலி போட வேண்டுமானால் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. சில பகுதிகளில் மட்டும் வேலி வந்தது. முழு வேலை நடக்கவே இல்லை. அதற்குள் காலம் மாறிவிட்டது. பெரியவர்கள் இருவரின் மனத்தாங்கல் ஓர் ஊரின் வயலைக் காப்பாற்றியது.

1900-களின் தொடக்கத்தில் மான்வர்ஸ் எஸ்டேட், சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துப் பெரிய துண்டுகளாக மாற்றியது. எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 1938-இல் ஆர்வின் தம்பதி இந்த ஊரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அதன் பிறகுதான் வெளியூர்க்காரர்கள் லாக்ஸ்டனைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

1952-இல் மான்வர்ஸ் பிரபு தம் நிலத்தை அரசின் விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் அது அரச நிலங்களைக் கவனிக்கும் கிரவுன் எஸ்டேட்டின் கைக்குப் போயிற்று. 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் அதை வாங்கியது. தோர்ஸ்பி என்பது அதே பழைய மான்வர்ஸ் குடும்பத்து எஸ்டேட்தான். நிலம் சுற்றி வந்து பழைய வாசலிலேயே நின்றிருக்கிறது.

இந்த முறையை நடத்துவது இன்று எளிதல்ல. டிராக்டருக்கு நீளத் துண்டு தடையில்லை. ஆனால் சிதறிய துண்டுகளுக்குப் போய் வர நேரமும் எண்ணெயும் செலவாகும். என்ன பயிர் வைப்பது என்று தனியாக முடிவு செய்ய முடியாது. பண்ணைகளும் முன்பைவிடக் குறைவு. 12 பேர் ஜூரிக்கு ஆள் வேண்டும் என்றால், உழுகிறவர்கள் ஊரில் இருக்க வேண்டும்.

இப்போதைக்கு இருக்கிறார்கள். நவம்பர் கடைசியில் முளைக்குச்சி வெட்டி வைக்கிறார்கள். காலையில் வயலைச் சுற்றிவிட்டு, மதியம் விடுதியில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். இந்த ஆண்டு பார்த்த வயலை அடுத்து மூன்றாம் ஆண்டுதான் பார்ப்பார்கள். அடுத்த நவம்பரில் வேறு வயலுக்கு முறை.